ஆடி மாதத்துக் கலியாணங்கள்

எங்கள் வீட்டில் வாடகைக்கு விடுகிற முந்நூற்று இருபது கதிரை இருக்கிறது, மனிசர் இருக்கத்தான் இடமில்லை. விறாந்தையில் அடுக்கு, படுக்கை அறையில் அடுக்கு, சாமி அறையில்கூட அறுபது. பெரியகல்லாற்றில் கலியாணம் என்றாலும் செத்த வீடு என்றாலும் சனம் வந்து குந்துவது என் கதிரையில்தான். ஒலிபெருக்கி என் மனிசன் உதயரூபனுடையது. அவர் சத்தம் போட்டுப் பேசாத ஆள். அதற்குத்தான் பெட்டி வைத்திருக்கிறார். எனக்குப் பெட்டி தேவையில்லை. என் பெயர் மங்கையற்கரசி, நான் வாயைத் திறந்தால் அடுத்த வளவு நாய் எழும்பிவிடும்.

அப்படிப்பட்ட நான் மூன்று வருசத்துக்கு மேல் ஒரு விசயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? வைத்திருந்தேன். அதனால் என் பிள்ளையின் வேலையே போகப் பார்த்தது.

பிள்ளை என்றால் கம்சாயினி, ஒரே மகள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தாள். படித்து முடித்து ஒரு வருசம் தற்காலிகமாகப் படிப்பித்தாள், அதுவும் முடிந்துபோயிற்று. அந்த நேரத்தில்தான் மட்டக்களப்பில் ஒரு பொருளியல் ஆய்வு வட்டம் இரண்டு வருச ஆராய்ச்சி வேலை ஒன்று கொடுக்கப் போவதாக அறிவித்தது. கேட்டவர்களில் மூன்று பேரைத் தெரிந்தெடுத்து, ஒரு சனிக்கிழமை ஆளுக்கு அரை மணித்தியாலம் மேடையில் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசுகிறவருக்கு வேலை. கிடைத்தால் வீட்டில் சோறு தின்று போய் வரலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் என் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டு மூலையில் படுத்துக்கொண்டு ஏதாவது கம்பனிக்குப் போகவேண்டும். பெட்டியில் உடுப்புக்கூட அடுக்கிவிட்டாள். அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போவேன்.

அவளுடைய ஆய்வு என்ன தெரியுமா? என் கதிரைதான்.

அது தொடங்கியது கிணற்றடியில். கலியாண வீட்டிலிருந்து வந்த கதிரைகளைக் கழுவிக்கொண்டே நான் என் பாட்டில் சொன்னேன், "இந்த மாசம் கேக் கிறீம் குறைஞ்சிற்று. சனத்துக்குக் கை இறுகுது போல."

கம்சாயினி வாளியைக் கீழே வைத்தாள். "எப்பிடிம்மா சொல்றீங்க?"

"இதுக்கென்ன படிப்பா வேணும்? நல்ல காலமெண்டா ஒரு வயசுப் பிள்ளைக்கும் பிறந்தநாளுக்கு எண்பது கதிரை எடுப்பாங்க. கதிரை திரும்பி வரக்குள்ள முதுகெல்லாம் கிறீம், காலெல்லாம் பலூன் ஒட்டின ரேப். கை இறுகினா முதல்ல நிக்கிறது பிறந்தநாள்தான். பிறகு புது வீட்டுக் குடிபூரல் நிக்கும். கலியாணம் கடைசியாத்தான் சுருங்கும். செத்த வீடு எந்தக் காலத்திலயும் குறையாது."

அவள் கை ஈரத்தோடேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா, இது முந்தும் குறிகாட்டிம்மா!"

"என்னத்த முந்துது?"

அவள் சொன்னதை எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். நாட்டின் பொருளாதாரம் ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும், அடியில் கிடக்கும், திரும்ப ஏறும். அதற்கு வணிகச் சுழற்சி என்று பெயர். சில கணக்கு அது திரும்புவதற்கு முன்பே திரும்பிக் காட்டும்; சிலது கூடவே போகும்; சிலது எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வரும். அந்த மூன்றாவது சாதியை எனக்கு நன்றாகத் தெரியும். என் மனிசன் கடையில் விலை கூடிவிட்டது என்று வந்து சொல்வது எப்போதும் நான் வாங்கி இரண்டு கிழமைக்குப் பிறகுதான்.

முந்திக் காட்டுகிறதைக் கண்டுபிடிப்பதுதான் கெட்டித்தனமாம். பெரிய அலுவலகங்களின் புள்ளிவிபரம் வந்து சேர மாதக்கணக்காகும், உங்கள் கதிரை மறுநாளே கிணற்றடிக்கு வந்துவிடுகிறது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கலண்டர்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வருசமும் காத்தான்குடிப் புடவைக் கடையில் கொடுக்கிற கலண்டர். எந்த நாள், யார் வீடு, என்ன காரியம், எத்தனை கதிரை என்று அதில்தான் எழுதுவேன். வருசம் முடிந்தால் குசினித் தட்டுக்கு விரித்துவிடுவேன். சீனிப் போத்தலுக்குக் கீழே கிடந்தது, மாவாளிக்குக் கீழே கிடந்தது என்று ஏழு வருசத்தையும் உருவி எடுத்தாள். எதைக் கொடுக்கிறேன் என்று நான் ஒரு நிமிசம் யோசித்திருக்க வேண்டும். புகழ்ச்சி கண்ணை மறைத்துவிட்டது.

வியாழக்கிழமை பின்னேரம் எங்களை இருத்திப் பேசிக் காட்டினாள். கதிரை அடுக்கில் ஒரு பெரிய தாளைக் கொழுவி வைத்திருந்தாள். என் மனிசன் முன்னால் இருந்தார். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இது 2021 கடைசி. பிறந்தநாள் கதிரை விழுது. அடுத்ததாக் குடிபூரல் விழுது. நெருக்கடி வர முதலே அம்மாட கதிரைக்குத் தெரிஞ்சிருக்கி," என்றாள். பிறகு தடியை மேலே கொண்டு போனாள். "இப்ப இதப் பாருங்க. 2022 ஜூன், ஜூலை."

பார்த்தேன். கோடு தாளை விட்டே வெளியே போகிற மாதிரி நின்றது.

"நாடு விழுந்து கிடக்கக்குள்ள கலியாணக் கதிரை மட்டும் மேல போகுது! முதல் எனக்கே விளங்கல்ல. பிறகுதான் யோசிச்சன். நாளைக்கு என்ன நடக்குமெண்டு தெரியாத காலத்தில சனம் பிள்ளைகளச் சுறுக்காக் கட்டிக் குடுக்குதுகள். இதுக்கு நான் நெருக்கடிக்காலத் திருமண அலை எண்டு பேர் வெச்சிருக்கன். இத ஒருத்தரும் இன்னும் எழுதல்ல."

அவர் கைதட்டினார். "நானும் அப்ப யோசிச்ச நான்தான், இந்த வருசம் ஏன் இவ்வளவு கலியாணமெண்டு," என்றார்.

நான் விரலை வெட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அந்த வருசம் பெற்றோல் அடிக்கிற செட்டுகளில் மூன்று நாள், நான்கு நாள் வரிசை. வெயிலில் சனம் கல்லிலும் வெறுங் கானிலும் குந்திக்கொண்டு கிடந்தது. எங்கள் கதிரை ஏற்றி இறக்குகிற அசனார் நானா, காத்தான்குடிக்காரர், சின்ன லொறி வைத்திருப்பவர், ஒருநாள் வந்து சொன்னார்: "தங்கச்சி, உங்கட கதிரை வீட்டுல சும்மா கிடக்கு. சனம் றோட்டுல நிண்டு வேகுது. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தம் பேசி வைப்பமே."

காசு வாங்கவில்லை. அந்த நாளில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கதிரையில் இருக்கிறவர் தன் முறை வந்து எண்ணெய் அடித்ததும் எங்களுக்கு ஒரு கப் பெற்றோல் ஊற்றவேண்டும். இதுதான் கூலி. அளப்பதற்கு என் காது உடைந்த பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். நானாவுக்குப் பாதி, எனக்குப் பாதி.

என் மனிசனிடம் முதல் நாளே சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கென்று பார்த்து, வரிசையில் தண்ணீர்ப் போத்தல் விற்ற ஒருவனைக் கண்டுவிட்டு வந்து கொதித்துக்கொண்டிருந்தார். "வரிசையில நிக்கிற சனத்துட்டக் கூலி வாங்கிற ஆளெல்லாம் மனிசப் பிறவியா மங்கை?" என்று கேட்டார். "இல்லத்தான்," என்றேன். அப்படிச் சொன்ன வாயால் பிறகு எதைச் சொல்ல? கதிரை முதுகில் 'உதயம்' என்று எழுதியிருக்கும். வெயிலுக்கு என்று சொல்லி எல்லாவற்றுக்கும் உரப்பை மாட்டி அனுப்பினேன்.

கதிரை எங்கே போகிறது என்று கேட்டார். கலியாணத்துக்கு என்றேன். "அப்ப ஏன் ஒருத்தரும் சவுண்ட் கேக்கிறாங்க இல்ல?" என்றார். "கறண்டே இல்லாத ஊரில ஆரு சவுண்ட் கேக்கிற?" என்றேன். அதோடு கலண்டரிலும் எழுத வேண்டியதாகிவிட்டது. செல்வி மகள் கலியாணம், எண்பது. சாந்தி மகள் கலியாணம், அறுபது. ஊரில் பிறக்காத பிள்ளைகளுக்கெல்லாம் நான் கலியாணம் கட்டிவைத்தேன்.

வந்த பெற்றோலை என்ன செய்வது? அவர் கிணற்றடியில் குளிக்க அரை மணித்தியாலம் எடுப்பார். அந்த நேரம் பார்த்து அவருடைய மோட்டார்சைக்கிள் தாங்கிக்குள் ஊற்றிவிடுவேன். ஊரே சைக்கிள் மிதிக்கும்போது அவருடைய மோட்டார்சைக்கிள் மட்டும் நிற்காமல் ஓடியது. அவர் என்ன நினைத்தார் தெரியுமா? சந்திப் பிள்ளையார் என்று நினைத்தார். தாங்கி வற்றாத அதிசயத்துக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார், தேங்காய் விற்ற விலையில்! அது மட்டுமா? மற்றவர்கள் மைக்கைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று சரிபார்ப்பார்கள். இவர் பிள்ளையாரின் அதிசயத்தைச் சொல்லித்தான் மைக் சரிபார்ப்பார். கலியாண வீடுகளில் சனத்துக்கு அந்தக் கதை பாடம்.

வெள்ளிக்கிழமை குசினியில் அவளைத் தனியாகப் பிடித்தேன். "மகள், அந்த அலை எண்டியே…"

"அம்மா, அந்த அலைதான் என்ட ஆய்வே. மத்த ரெண்டு பேரிட்டயும் இப்பிடி ஒண்டு இல்ல," என்றாள். கண் பளபளவென்று இருந்தது. அதற்குள் அவர் தேத்தண்ணி கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் சீனியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அசனார் நானாவுக்குப் போன் எடுத்து அழாக்குறையாகச் சொன்னேன். "வாயப் பொத்திக்கிட்டு இரிங்க தங்கச்சி," என்றார். "படிச்ச ஆக்கள் கம்பியூட்டரத்தான் பார்ப்பாங்க. கலண்டர ஆரு பார்க்கப் போறா? இன்ஷா அல்லாஹ் ஒண்டும் ஆகாது."

சனிக்கிழமை வாவிக் கரையில் ஒரு மண்டபம். கதிரை எண்பதும் எங்களுடையது, சவுண்டும் எங்களுடையது. கூட்டம் தொடங்க முதல் என் மனிசன் மைக்கில் பிள்ளையார் கதையைச் சொல்லி முடித்தார். வட்டத்தின் தலைவர் நல்லரத்தினம் என்கிற ஓய்வுபெற்ற பேராசிரியர். நெற்றியில் மூன்று குறி, கண் எப்போதும் மூடியபடி. முதல் இரண்டு பேர் பேசும்போது நித்திரை என்றே நினைத்தேன். கம்சாயினி கடைசி. நல்ல வடிவாகப் பேசினாள். கேக் கிறீமைச் சொன்னபோது சனம் சிரித்தது; அலையைச் சொன்னபோது எல்லாரும் எழுதினார்கள். நான் பின்வரிசையில் இருந்து, நானா சொன்னது சரிதான், ஒன்றும் ஆகாது என்று மூச்சு விட்டேன்.

நல்லரத்தினம் கண்ணைத் திறந்தார்.

"தங்கச்சி, எனக்குப் பொருளியல் கொஞ்சம் தெரியும். பஞ்சாங்கமும் கொஞ்சம் தெரியும். ஜூலை பதினேழில இருந்து மாசக் கடைசி வரைக்கும் உங்கட தரவில பதினேழு கலியாணம் கிடக்கு. அது ஆடி மாசமெல்லா?"

எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆடியில கலியாணம் கட்டிற ஊர் இந்த மாவட்டத்தில எவடத்த இரிக்கி? எனக்கு ஒருக்காப் போய்ப் பார்க்க ஆசை."

பொய் எழுதத் தெரிந்த எனக்கு மாசம் பார்த்து எழுதத் தெரியவில்லையே! கம்சாயினி தாள்களைப் புரட்டினாள். "பேரெல்லாம் இரிக்கி சேர். செல்வி மகள், சாந்தி மகள், செல்வி மகள்…"

"அந்தச் செல்விக்கு எத்தின மகள்?"

எண்ணினாள். குரல் இறங்கிவிட்டது. "ஆறு, சேர்."

"ரெண்டு கிழமையில ஆறு மகளையும் கட்டிக் குடுத்திட்டாவா? கெட்டிக்காரி."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பிள்ளை மேடையில் தனியே நின்று என்னைத் தேடினாள். சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் வசனம் மறந்தால் என்னைத்தான் பார்ப்பாள், நான் கீழே இருந்து வாயசைப்பேன். அதே பார்வை. வீட்டிலிருந்த பெட்டி கண்ணுக்குள் வந்தது. வீட்டில் சண்டை வரும் என்று பயந்து பிள்ளையை விற்கப் பார்த்தேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. எழும்பினேன். எழும்பின வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"செல்விக்கு மகளே இல்ல ஐயா," என்றேன். "செல்வியே இல்ல."

சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வரிசை, உரப்பை, காது உடைந்த கப், மோட்டார்சைக்கிள் தாங்கி எல்லாம் சொன்னேன். "என்ட பிள்ளையில பிழை இல்ல ஐயா. நான் எழுதினத்த அவள் நம்பினவள். பிழை என்னில."

அப்போது ஒலிபெருக்கிப் பெட்டிகள் நான்கும் ஒரு கூவல் கூவின. என் மனிசன் மைக்கைக் கையில் எடுத்திருந்தார்.

"அப்ப நான் உடைச்ச நூற்றெட்டுத் தேங்காய்?"

அந்தக் கேள்வி வாவியைத் தாண்டி அக்கரை வரைக்கும் போயிருக்கும். இத்தனை வருசத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மைக்கை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், கதவால் இறங்கிப் போய்விட்டார்.

நான் இருக்கப் போனேன். "அம்மா, இரிக்காதீங்க, நில்லுங்க," என்றார் நல்லரத்தினம். கண் முழுதாகத் திறந்திருந்தது. "வரிசைக்கு முதல் கதிரை எப்ப போனது?"

"பெற்றோலுக்கு முந்தி மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனது ஐயா. தைப்பொங்கல் கழிஞ்ச கையோட. அப்ப வரிசை சின்னன், ஆறேழு கதிரைதான், கூலி வாங்கல்ல."

"பிறந்தநாள் கதிரை எப்ப நிண்டது?"

"அதுக்கு முதல் ஐப்பசியில."

கம்சாயினி பேனையைப் பறித்தெடுத்துத் தாளில் இருந்த கோட்டை வெட்டினாள். "சேர், எனக்கு அலை இல்ல," என்றாள். அழுதுகொண்டே கீறினாள். "எனக்கு ரெண்டு கோடு இரிக்கி. கொண்டாட்டக் கதிரை ஒண்டு, வரிசைக் கதிரை ஒண்டு. முதலாவது விழ விழ ரெண்டாவது எழும்புது. ரெண்டும் நெருக்கடிக்கு முந்தியே திரும்பியிரிக்கி. எத்தின கதிரை போகுது எண்டு மட்டும் எண்ணினதுதான் நான் விட்ட பிழை. ஏன் போகுது எண்டு கேட்டிருக்கோணும்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லரத்தினம் பக்கத்தில் இருந்தவர்களோடு குசுகுசுத்தார். "தேத்தண்ணி குடிச்சிற்று வருவம். அதுக்குப் பிறகு முடிவு," என்றார்.

தேத்தண்ணியும் வடையும் வந்தன. எனக்கு இறங்கவில்லை. கம்சாயினி சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அசனார் நானா. லொறிக்கு எண்ணெய் அடிக்கப் போனவர்.

"தங்கச்சி, இஞ்ச செட் முதலாளி நாப்பது கதிரை கேக்கிறார். உடன வேணுமாம்."

என் வாய்தான் தெரியுமே. "என்ன? பெற்றோல் செட்டுக்கா? நாப்பது கதிரையா? இப்பவேயா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் மண்டபம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் வாய்க்குள் போன வடை வாய்க்குள்ளேயே நின்றது. கதிரை ஏன் போகிறது என்று கேட்க வேண்டும் என்று சொல்லிப் பத்து நிமிசம் ஆகவில்லை. கேட்டார்களா? எங்கேயோ ஒரு மோட்டார்சைக்கிள் திறப்புக் கோர்வை கிலுங்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஒருவர் மகளைக் கூட்டிவர வேண்டும் என்றார், ஒருவர் வீட்டுக் கதவைப் பூட்ட அயத்துப் போனேன் என்றார். நல்லரத்தினம் மருந்து எடுக்க நேரமாகிவிட்டதென்று சொல்லி எல்லாருக்கும் முன்னால் போனார், அந்த வயதில் அந்த வேகம்! இரண்டு நிமிசத்தில் வெளியே மோட்டார்சைக்கிளும் காரும் இரைந்துகொண்டு போயின.

மண்டபத்தில் நானும் மகளும் எண்பது கதிரையும்.

"முடிவு சொல்லாமப் போயிட்டாங்கம்மா," என்று அவள் அழுதாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானா லொறியோடு வந்ததும் நாற்பது கதிரையைத் தூக்கி எறிகிற மாதிரி ஏற்றினேன். அவளையும் ஏற்றிக்கொண்டு முன்னுக்கு ஏறினேன். "என்ன நானா, அவ்வளவு தட்டுப்பாடா?"

"என்ன தட்டுப்பாடு?" என்றார் நானா. "முதலாளி புதுப் பம்ப் ஒண்டு பூட்டியிரிக்கார். துஆ ஓதி நாப்பது பேருக்குச் சோறு குடுக்கிறார். அந்த ஆக்கள் இரிக்கத்தான் கதிரை."

"ஐயோ கடவுளே," என்றேன்.

தெரு முடக்குத் திரும்பினோம். செட்டிலிருந்து கல்லடிப் பாலம் வரைக்கும் வரிசை. மண்டபத்தில் இருந்தவர்கள் ஐம்பது பேர், வரிசையில் இருநூறு. எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் மற்றவர்கள். ஒருவர் கானோடு, ஒருவர் வெறும் தண்ணீர்ப் போத்தலோடு. சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, எண்ணெய் நிறைய இரிக்கி எண்டு தொண்டை கிழியச் சொல்றன். இரிக்கி எண்டு சொல்லச் சொல்லக் கூட வாறாங்களே!"

வரிசையில் மூன்றாவது கார் நல்லரத்தினத்துடையது. கம்சாயினி லொறியால் குதித்து நேரே அவரிடம் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"சேர், தட்டுப்பாடு ஒண்டும் இல்ல. கதிரை கேட்டது சோறு தின்ன."

"தெரியும் பிள்ளை," என்றார். முகத்தில் கொஞ்சம் வெட்கம். "முதலாளி வந்து சொன்னார்."

"தெரிஞ்சா ஏன் நிக்கிறீங்க?"

"பின்னால பாருங்க. இவ்வளவு பேரும் அடிச்சா ஒரு மணித்தியாலத்தில உண்மையாவே முடிஞ்சிரும். குறிகாட்டி பிழைதான். வரிசை உண்மையெல்லா?"

கம்சாயினி வரிசையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அழுகிற முகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இது நடக்கப் போறத முந்திக் காட்டல்ல சேர். நடக்க வெச்சிருக்கி."

"அதையும் எழுதுங்க. இத எழுத ரெண்டு வருசம் காணாது. திங்கட்கிழமை வந்து வேலைக் கடிதத்த எடுங்க," என்றார் நல்லரத்தினம். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒரு கதிரை தருவீங்களா? காருக்குள்ள வேகுது."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கத்தின கத்தில் வரிசையில் நின்றவர்கள் எண்ணெய் முடிந்துவிட்டது என்று நினைத்து முன்னால் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். எனக்கென்ன! என் பிள்ளை என் வீட்டில் இருந்து வேலைக்குப் போகப் போகிறாள். இன்றைக்கே அந்தப் பெட்டியை அவிழ்த்து உடுப்பெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னேன்.

அப்போதுதான் என் மனிசன் வந்தார். மண்டபத்தில் மிச்சமிருந்த நாற்பது கதிரையையும் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டி, மேலே ஒரு கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதிரையாக இறக்கி, துடைத்து, வரிசையில் நின்ற ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டே போனார். மகள் ஓடிப்போய்ச் சொன்னாள். அவள் தலையைத் தடவினார். அவர் மனசை உடைத்துவிட்டேனே என்று நானும் ஒரு துணியை எடுத்துக் கதிரை துடைத்தேன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, கத்துகிற ஆளோடு எனக்குப் பேசத் தெரியும்.

கடைசிக் கதிரையையும் கொடுத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வரிசையைப் பார்த்தபடி கேட்டார். "மங்கை, ஒரு கதிரைக்கு எவ்வளவு வாங்கின நீ?"

"ஒரு கப்," என்றேன். "வரிசையில நிக்கிற சனத்துட்டக் கூலி வாங்கினது பிழைதான். நான் சொல்லியிருக்கோணும்."

"அப்ப சனம் எண்ணெய் இல்லாம நிண்டது," என்றார். "இது எண்ணெய் இரிக்கக்குள்ள நிக்குது." என் பக்கம் திரும்பினார். "எந்தக் கப்?"

"காது உடைஞ்ச கப்."

"அது சின்னனெல்லா. நூற்றெட்டுத் தேங்காய்க்கு அது காணாது," என்றார். "போய்ப் பெரிய கப்ப எடுத்திட்டு வா."